நடந்து பார்த்தால் ஊர் தெரியும்

ஒரு நகரத்திற்குப் புதிதாகக் குடிபெயர்வோர் முதலில் தேடுவது வீட்டைத்தான். எத்தனை அறைகள், வாடகை எவ்வளவு, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் ஆகிய விவரங்கள் விளம்பரங்களில் கிடைத்துவிடும். ஆனால், வாசற்படியைத் தாண்டிய பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. மாலையில் பாட்டி நடந்துபோய் உட்கார ஓர் இடம் இருக்குமா? பதின்மூன்று வயதுப் பிள்ளை துணையின்றி நூலகத்திற்குச் சென்று திரும்ப முடியுமா? பக்கத்து வீட்டார் முகம் பார்த்துச் சிரிப்பார்களா? வீட்டின் சுவரில் விரிசல் இருந்தால் பூசிவிடலாம். அறைகலன்கள் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாம். வட்டாரத்தை மட்டும் ஒருவர் நினைத்தவுடன் மாற்ற முடியாது. எனவே, வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வட்டாரத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கவேண்டியுள்ளது.

புதிய ஊரில் குடியேறும் பலர், குறிப்பாக இளையர்கள், மூன்று தன்மைகளை எதிர்பார்க்கிறார்கள். எளிதாக நடந்து செல்லக்கூடிய தெருக்கள், கலைகள் உயிர்ப்புடன் விளங்கும் சூழல், பலதரப்பட்ட மனிதர்களை ஏற்றுக்கொள்ளும் திறந்த மனம் ஆகியவையே அவை. சிங்கப்பூரில் இப்படிப்பட்ட இடம் எது என்று கேட்டால், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், தியோங் பாரு ஆகிய பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். தீவின் வடக்கே உள்ள ஈசூன் பெரும்பாலோரின் பட்டியலில் இடம்பெறாது. புகழ்பெற்ற இடம்தான் வாழ்வதற்கு ஏற்ற இடமா? நான்கு கேள்விகளைக் கேட்டால் விடை தெளிவாகும்.

முதல் கேள்வி: நடக்க முடிகிறதா?

நடப்பதற்கு ஏற்ற ஊருக்கு நடைபாதை மட்டும் போதாது. நடந்துபோய்ச் சேருவதற்கு ஓர் இடமும் வேண்டும். சந்தை, பள்ளி, மருந்தகம், பூங்கா, பேருந்து நிறுத்தம் ஆகியவை நடக்கும் தொலைவில் இருந்தால்தான் மக்கள் நடப்பார்கள்.

சிங்கப்பூரில் வெயிலையும் மழையையும்கூடக் கணக்கில் கொள்ளவேண்டும். இந்த உண்மை 200 ஆண்டுகளுக்கு முன்பே உணரப்பட்டது. 1822ஆம் ஆண்டு ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்தை வகுத்தபோது, ஒவ்வொரு கடைவீட்டின் முன்புறத்திலும் கூரையுடன் கூடிய நடைவழி இருக்கவேண்டும், அது அடுத்த வீட்டின் நடைவழியோடு தொடர்ச்சியாக இணைந்திருக்கவேண்டும் என்று விதித்தார். அதுவே 'ஐந்தடிப் பாதை' எனப் பெயர் பெற்றது. லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளுக்கு முன்னால் இன்றும் அந்தப் பாதைகளைக் காணலாம். பூக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை என ஒவ்வொன்றாகக் கடந்து, மழையில் நனையாமல் நெடுந்தூரம் நடக்கலாம்.

அடுக்குமாடி வீடுகள் நிறைந்த புதிய நகர்களில் ஐந்தடிப் பாதையின் வேலையைக் கூரையுள்ள இணைப்புப் பாதைகள் செய்கின்றன. நிலப் போக்குவரத்து ஆணையம் 2013ஆம் ஆண்டு முதல் 2018ஆம் ஆண்டுவரை சுமார் 200 கிலோமீட்டர் நீளத்திற்கு அத்தகைய பாதைகளை அமைத்தது. பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டர் தொலைவுக்குள் உள்ள பள்ளிகளையும் மருந்தகங்களையும் மற்றப் பொது இடங்களையும் அவை இணைக்கின்றன. 2019ஆம் ஆண்டு வெளியான நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டம், '20 நிமிட நகர்கள்' என்னும் இலக்கை முன்வைத்தது. நடந்தோ, மிதிவண்டியிலோ, பேருந்து அல்லது ரயிலிலோ 20 நிமிடங்களுக்குள் அருகிலுள்ள வட்டார மையத்தை அடையவேண்டும் என்பதே அதன் பொருள்.

நடப்பதற்கும் பாதுகாப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இதை விளக்கியவர் ஜேன் ஜேக்கப்ஸ். அவர் கட்டடக் கலைஞர் அல்லர். நியூயார்க் நகரில் வாழ்ந்த எழுத்தாளர். தம் வீட்டுச் சன்னலிலிருந்து தெருவைக் கவனித்து வந்த அவர், 1961ஆம் ஆண்டு அமெரிக்க நகரங்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். கடைக்காரர், வேலைக்குச் செல்பவர், விளையாடும் குழந்தை, திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் எனப் பலரும் வெவ்வேறு நேரங்களில் தெருவில் இருந்தால், அத்தனை பேரின் கண்களும் தெருவைக் காக்கும் என்று அவர் வாதிட்டார். வீடு ஓரிடம், கடை வேறிடம், அலுவலகம் மற்றோரிடம் என்று பிரித்துவிட்டால் ஒவ்வோரிடமும் நாளின் ஒரு பகுதியில் வெறிச்சோடிவிடும் என்றும் அவர் எச்சரித்தார். நல்ல தெருவுக்கு அழகான கட்டடங்களைவிட நடமாட்டம் முக்கியம் என்பது அவர் தந்த பாடம்.

இரண்டாம் கேள்வி: கலை இங்கே பிறக்கிறதா?

லிட்டில் இந்தியாவில் நடப்பவரின் கண்ணில் முதலில் படுபவை வண்ணங்கள். கெர்பாவ் ரோட்டில் 1900ஆம் ஆண்டு கட்டப்பட்ட டான் டெங் நியாவின் வீடு பல வண்ணக் கதவுகளோடு நிற்கிறது. பெலிலியோஸ் லேனில் உள்ள சுவரோவியம், பூ கட்டுபவர், கிளி சோதிடர் முதலிய பழைய தொழில் செய்தவர்களை நினைவூட்டுகிறது. லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் இணைந்து நடத்திய கலை நடைத் திட்டத்தின்மூலம் இத்தகைய பல ஓவியங்கள் அங்குள்ள சுவர்களில் இடம்பெற்றன. கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், இந்தியச் சமூகத்தின் வரலாற்றை எடுத்துக் கூறுகிறது.

இவை அனைத்தும் பார்ப்பதற்குரியவை. சுற்றுப்பயணிக்கு இவையே போதும். அங்கே குடியிருக்கப் போகிறவர் மேலும் ஒன்றைக் கேட்கவேண்டும். இந்த வட்டாரத்தில் கலை காட்சிக்கு மட்டும் வைக்கப்பட்டுள்ளதா, அன்றாடம் பயிலப்படவும் செய்கிறதா?

லிட்டில் இந்தியாவுக்கு இதிலும் ஒரு வரலாறு உண்டு. 1952ஆம் ஆண்டு தோன்றிய பாஸ்கர் கலைக்கழகம் கெர்பாவ் ரோட்டில் இயங்கியது. அதே தெருவில் மலாய்க் கலைக் குழுவும் ஆங்கில நாடகக் குழுவும் இயங்கின. ஒரு கடைவீட்டில் சலங்கை ஒலியும் இன்னொன்றில் நாடக ஒத்திகையின் குரலும் கேட்கும் தெருவாக அது விளங்கியது. 1949ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம், லிட்டில் இந்தியாவிலிருந்து சற்றுத் தொலைவில் ஸ்டார்லைட் ரோட்டில் நடனமும் இசையும் கற்றுத்தருகிறது. ஒரு பிள்ளை வாரந்தோறும் கையில் வயலினுடன் நடந்து செல்லும் தெரு, ஓவியங்கள் நிறைந்த தெருவுக்குச் சற்றும் குறைந்ததன்று.

மூன்றாம் கேள்வி: இங்கே யாருக்கெல்லாம் இடம் இருக்கிறது?

திறந்த மனம் கொண்ட வட்டாரத்தை அறிவிப்புப் பலகைகளால் அடையாளம் காண முடியாது. அங்கே யார் இயல்பாக உலவுகிறார்கள் என்பதைக் கொண்டே கண்டறிய முடியும். முதியவர்கள் அமர இருக்கைகள் உள்ளனவா? சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் உதவியின்றிச் சாலையைக் கடக்க முடிகிறதா? வேற்று மொழி பேசுபவர் தயங்காமல் கடைக்குள் நுழைகிறாரா?

சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயமும் அங்குலியா பள்ளிவாசலும் உள்ளன. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு புத்த ஆலயமும் மெதடிஸ்ட் தேவாலயமும் உள்ளன. டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. இவை அனைத்தையும் ஒரே காலைப்பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஊழியர்கள் இங்கே கூடுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பர்களைச் சந்திக்கவும் சொந்த ஊர் உணவை உண்ணவும் அவர்களுக்கு இந்த இடம் தேவைப்படுகிறது. அந்தக் கூட்டம் சிலருக்கு இடைஞ்சலாகத் தோன்றலாம். ஆயினும், உழைப்பவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் இளைப்பாற இடம் தருவதும் ஒரு வட்டாரத்தின் பெருந்தன்மையே.

வீவக குடியிருப்புப் பேட்டைகளில் இந்தக் கலப்பு தற்செயலாக ஏற்பட்டதன்று. 1989ஆம் ஆண்டு அறிமுகமான இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரும் வாங்கக்கூடிய வீடுகளின் விகிதத்திற்கு வரம்பு வகுத்தது. இதனால் ஒரே இனத்தவர் ஓரிடத்தில் குவிவது தவிர்க்கப்படுகிறது. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்த் திருமணம் நடக்கும். மறுவாரம் சீனர் ஒருவரின் இறுதிச் சடங்கு நடக்கும். மகிழ்ச்சியும் துக்கமும் எல்லாருடைய கண்ணெதிரேயே நிகழ்கின்றன. விதி மக்களை ஒரே மின்தூக்கியில் ஏற்றிவிடும். மின்தூக்கிக்குள் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்பது மக்களின் பொறுப்பு.

நான்காம் கேள்வி: இது நிலைக்குமா?

உலகின் பல நகரங்களில் ஒரே கதை மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது. வாடகை குறைவான பழைய வட்டாரத்திற்குக் கலைஞர்கள் வருகிறார்கள். அவர்களைத் தொடர்ந்து சிற்றுண்டிக் கடைகளும் புத்தகக் கடைகளும் வருகின்றன. வட்டாரம் புகழ் பெறுகிறது. புகழோடு வாடகையும் உயர்கிறது. இறுதியில், அந்த இடத்திற்கு உயிர் கொடுத்தவர்களே அங்கு வாழ முடியாமல் வெளியேறுகிறார்கள். பழைய மளிகைக்கடைக்காரரும் முடிதிருத்துநரும் அவர்களோடு வெளியேற நேரிடுகிறது.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் ஒரு குழுவினர் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966ஆம் ஆண்டு சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அதில் கிடைத்த பணத்தைக் கொண்டு கூட்டாக நிலம் வாங்கினார்கள். நிலம் கலைஞர்களுடையது என்பதால், சுற்றுவட்டாரம் வளர்ந்து நிலத்தின் விலை உயர்ந்தபோதும் அந்தக் கிராமம் நிலைத்து நின்றது.

நிலம் குறைந்த சிங்கப்பூரில் அரசாங்கமே கலைக் குழுக்களுக்கு இடவசதி அளிக்கும் வழி பின்பற்றப்படுகிறது. 1985ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ், பழைய கட்டடங்கள் கலைக் குழுக்களுக்குச் சலுகை வாடகையில் வழங்கப்பட்டன. கெர்பாவ் ரோட்டுக் கடைவீடுகளில் கலைக் குழுக்கள் குடிபுகுந்ததும் இத்தகைய ஆதரவால்தான். லிட்டில் இந்தியா 1989ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால், அதன் கடைவீடுகளை இடித்துத் தள்ள முடியாது. ஆனால், கட்டடத்தைக் காப்பதும் அதற்குள் நடக்கும் வாழ்க்கையைக் காப்பதும் ஒன்றல்ல. சுவர் அப்படியே இருக்க, உள்ளே இருந்த மாவு மில் மறைந்துபோகலாம். ஒரு வட்டாரத்தில் குடியேறுபவர், தாம் விரும்பும் கடைகளும் மனிதர்களும் இன்னும் சில ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே இருக்க வழியுண்டா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஈசூனை அளந்து பார்த்தால்

இந்த நான்கு கேள்விகளையும் ஈசூனிடம் கேட்டால் என்ன விடை கிடைக்கும்?

ஈசூன் என்ற பெயரே ஒரு மனிதரின் கதையோடு தொடர்புடையது. ரப்பர், அன்னாசித் தோட்டங்களால் புகழ்பெற்ற தொழிலதிபர் லிம் நீ சூன் 1879ஆம் ஆண்டு பிறந்து 1936ஆம் ஆண்டு மறைந்தார். 'நீ சூன்' என்பதன் மாண்டரின் உச்சரிப்பே 'ஈசூன்'. இங்குள்ள சொங் பாங் வட்டாரம் அவருடைய மகனின் பெயரைத் தாங்கியுள்ளது. தோட்டங்களும் கிராமங்களும் இருந்த நிலத்தில் வீவக அடுக்குமாடிகள் எழுந்தன. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் பெருவிரைவு ரயில் வந்து சேர்ந்தது. இன்று இங்கே 200,000க்கும் அதிகமானோர் வசிக்கிறார்கள்.

நடப்பதைப் பொறுத்தவரை, ஈசூனில் வசதியும் உண்டு, குறையும் உண்டு. ரயில் நிலையத்திற்கு அருகே பேருந்து நிலையமும் கடைத்தொகுதியும் பொது நூலகமும் அமைந்துள்ளன. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ஈசூன் குளத்தை அடையலாம். குளத்தின் கரையில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை இருக்கிறது. மரங்களும் நீரும் கூரைத் தோட்டமும் சூழ்ந்த அந்த மருத்துவமனையின் வெளிப்புறத்தில், நோயாளிகளோடு அக்கம்பக்கத்தாரும் காலாற நடக்கிறார்கள். இயற்கையோடு இணைந்த வடிவமைப்புக்காக 2017ஆம் ஆண்டு அதற்கு அனைத்துலக விருது கிடைத்தது. எனினும், ஈசூன் பரந்த நகர். அதன் பெரிய சாலைகள் அகலமானவை. ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்து செல்வது கடினம், பேருந்து தேவைப்படும். எனவே, 'ஈசூனில் வீடு' என்று சொன்னால் போதாது. எந்த புளோக், அதிலிருந்து சந்தை எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்கவேண்டும்.

கலையைப் பொறுத்தவரை, ஈசூனில் கெர்பாவ் ரோடு போன்ற தெரு இல்லை. சுற்றுப்பயணிகள் படம் பிடிக்க வரும் இடமும் அன்று. ஆயினும், சமூக மன்றங்களில் நடன வகுப்புகள் நடக்கின்றன. இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் பொங்கலையும் தீபாவளியையும் குடியிருப்பாளர்களோடு சேர்ந்து கொண்டாடுகின்றன. பங்குனி உத்திர நாளில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்திற்குக் காவடிகள் வரும்போது, தொழிற்பேட்டைச் சாலையே மேளமும் நாதஸ்வரமும் ஒலிக்கும் அரங்காகிவிடும். நகரின் கலை அரங்குகளைத் தேடிச் செல்ல விரும்புபவர், ரயிலில் ஏறி நியூட்டனில் ஒருமுறை மாறினால் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம்.

பலரையும் ஏற்பதில் ஈசூன் எந்தப் புகழ்பெற்ற வட்டாரத்திற்கும் இளைத்ததன்று. முருகன் ஆலயம், தாருல் மக்மூர் பள்ளிவாசல், கத்தோலிக்கத் தேவாலயம் ஆகிய அனைத்தும் இந்நகரில் உள்ளன. உணவங்காடி நிலையத்தின் ஒரே மேசையில் தோசையும் நாசி லெமாக்கும் மீன் நூடல்சும் அருகருகே இருப்பது அன்றாடக் காட்சி. நகர மையத்திலிருந்து விலகியிருப்பதால், நடுத்தரக் குடும்பத்தினர் இங்கே சற்று விசாலமான வீட்டில் நெடுங்காலம் வாழவும் வாய்ப்புண்டு.

யாருக்கு எந்த வட்டாரம்?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. லாசாலில் நடனம் பயிலவரும் மாணவிக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சிறிய அறையே போதுமானதாக இருக்கலாம். கல்லூரிக்கு நடந்து செல்லலாம். இரவில் ஒத்திகை முடிந்து திரும்பும்போதும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். அதே வேளையில், மூட்டுவலியால் சிரமப்படும் பாட்டியோடும் பள்ளி செல்லும் பிள்ளைகளோடும் கோயம்புத்தூரிலிருந்து குடிபெயரும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையும் குளக்கரையும் நூலகமும் அருகருகே இருக்கும் ஈசூன் புளோக் ஒன்று அவர்களுக்கு அதிகம் உதவும். அக்குடும்பம் லிட்டில் இந்தியாவின் வண்ணங்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், வாடகை உயர்ந்த நெருக்கமான வீட்டில் பாட்டி அடைந்து கிடக்க நேரிடலாம். அந்த மாணவி வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், ஒவ்வொரு நாளும் பயணத்திலேயே களைத்துப் போகலாம்.

மூன்று வேளை நடை

முடிவெடுக்கும் முன்னர், குடியேற எண்ணும் வட்டாரத்தில் மூன்று வேளைகளில் நடந்து பார்ப்பது பயனளிக்கும். முதலில் வேலை நாளின் காலை 7 மணி. பிள்ளைகள் பள்ளிக்கு எப்படிச் செல்கிறார்கள், சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும். அடுத்தது மாலை 6 மணி. சந்தையிலும் விளையாட்டுத் திடலிலும் கீழ்த்தளத்திலும் யார் யார் கூடுகிறார்கள், யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதை அப்போது காணலாம். கடைசியாக இரவு 10 மணி. விளக்குகள் எரிகின்றனவா, தனியாக வருபவர் அச்சமின்றி நடக்கிறாரா, இரைச்சல் எவ்வளவு என்பது அந்நேரத்தில்தான் விளங்கும்.

இந்த நடையின்போது கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, உணவங்காடியில் ஒரு தேநீர் வாங்கி அருந்தலாம். சமூக மன்றத்தின் அறிவிப்புப் பலகையை நின்று படிக்கலாம். அங்கே நீண்டகாலம் வாழ்ந்த ஒரு தாத்தாவிடமோ பாட்டியிடமோ, "இந்த இடம் எப்படிங்க?" என்று கேட்கலாம். வரைபடம் தூரத்தைக் காட்டும். வழியில் நிழல் உண்டா, மேடு உண்டா, பேச்சுத்துணை கிடைக்குமா என்பதையெல்லாம் நடந்தவர்தாம் சொல்ல முடியும்.

குடியேறிய பிறகும் வேலை முடிந்துவிடுவதில்லை. எந்த வட்டாரமும் முழுமையாக உருவாகிவிட்ட நிலையில் ஒருவருக்குக் கிடைப்பதில்லை. லிட்டில் இந்தியாவை மாடு வளர்த்தவர்களும் துணி வெளுத்தவர்களும் பூ கட்டியவர்களும் நடனம் கற்பித்தவர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஈசூனில் சமூக மன்றத்தில் ஒருவர் பறை கற்றுக்கொடுக்கத் தொடங்கினால், கீழ்த்தளத்தில் நான்கு பிள்ளைகள் கதை படிக்கக் கூடினால், அங்கேயும் கலை பிறந்துவிட்டது என்றே சொல்லலாம். நல்ல வட்டாரத்தைத் தேடி வருபவர், தாம் வந்த வட்டாரம் நல்லதாக இருப்பதற்கும் ஒரு காரணமாக இருக்க முடியும்.